ஆச்சி சொன்னதும் மரத்தடியில் கிடந்ததும்

ஐந்தாம் வகுப்பில் வௌவாலைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னபோது, 23 தாள்களில் 19 தாள்கள் "வௌவால் ஒரு பறவை" என்றோ "வௌவால் இயற்கை அன்னை நமக்கு அளித்த கொடை" என்றோ தொடங்கின. இரண்டாவது வாக்கியம் பசுவுக்கும் பனைமரத்துக்கும் தாமிரபரணிக்கும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் பொருந்தும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டு அதைப் பழக்கிவிட்டவள் நான்தான் என்பதால், பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றை ஒட்டியிருக்கிறது எங்கள் பள்ளி. பின்புறம் நிற்கும் பழைய மருத மரத்தில் பெரிய பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தொங்கிக் கிடக்கும். ஒரு வாரம் அந்த மரத்தையும், வீட்டு மூலையில் இருக்கும் ஏதாவது ஒரு சிலந்தியையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்றும், எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் பதில் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

முதல் சிக்கல் மறுநாளே வந்தது. "வவ்வா வாயாலதான் டீச்சர் வெளிக்கிருக்கும். தலைகீழாத் தொங்குதுல்லா? எங்க ஆச்சி சொன்னா" என்றான் ஒருவன். இல்லை என்று நான் சொல்லியிருந்தால் ஆச்சியின் சொல்லுக்குப் பதிலாக டீச்சரின் சொல்லை எழுதியிருப்பான், அவ்வளவுதான். அதனால் முற்றத்து வாதாம் மரத்தடிக்கு அழைத்துப் போனேன். இரவில் பழம் தின்ன வரும் சிறிய வௌவால்கள் போட்டுவிட்டுப் போன உருண்டைகள் அங்கே கிடந்தன. கையால் தொடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். 2018-இல் கோழிக்கோட்டில், பழந்தின்னி வௌவால்களிடமிருந்து தொற்றும் நிபா வைரஸ் பரவியது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவன் ஒரு குச்சியால் உருண்டையைப் புரட்டிப் பார்த்து, "நாரா இருக்கு டீச்சர், கரும்பச் சவச்சுத் துப்புன மாதிரி" என்றான். பழந்தின்னிகள் சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுகின்றன. ஆச்சி பொய் சொல்லவில்லை. வாயிலிருந்து ஏதோ விழுவதை அவள் பார்த்திருக்கிறாள், அது என்ன என்பதைத்தான் தவறாக ஊகித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, மருத மரத்தில் ஒரு வௌவால் பெருவிரல் நகங்களால் கிளையைப் பற்றி உடம்பை நிமிர்த்தி, சிறுநீர் கழித்துவிட்டு, மறுபடி தலைகீழாகத் தொங்கியதை வகுப்பே பார்த்தது. அவன் பழைய வரியை அழிக்காமல் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, கீழே நான்கு வரி எழுதினான். நான் அழிப்பானை எடுக்கச் சொல்லவில்லை.

பறவை என்ற வரியைத் திருத்துவது அவ்வளவு கடினமாக இல்லை. தாயின் மார்பைக் கவ்விக்கொண்டிருந்த குட்டியைக் கண்டதும் பாதி வேலை முடிந்தது. சிறகு என்பது நீண்ட நான்கு விரல்களுக்கிடையே இழுத்துக் கட்டிய தோல்தான் என்றதும் ஆளாளுக்குக் கையை விரித்துப் படம் வரைந்துகொண்டார்கள். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன, உண்மையாகப் பறக்கக்கூடிய பாலூட்டி அது ஒன்றே என்ற செய்திகளை இதற்குப் பிறகே சொன்னேன்.

சிலந்தியில் மொழியே குறுக்கே நின்றது. சிலந்தி பூச்சியில்லை என்றதும், "பேருலயே எட்டுக்கால் பூச்சின்னு இருக்குல்லா டீச்சர்" என்று ஒருத்தி மடக்கினாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பூச்சிக்கு ஆறு கால், உடம்பு மூன்று பகுதி. சிலந்திக்கு எட்டுக் கால், உடம்பு இரண்டே பகுதி, உணர்கொம்பும் கிடையாது. ஒரு கட்டெறும்பையும் ஒரு சிலந்தியையும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து எண்ணிப் பார்க்க விட்டேன். பேச்சில் எட்டுக்கால் பூச்சி இருக்கட்டும், எழுத்தில் காலை எண்ணிவிட்டு எழுதுவோம் என்று முடிவானது.

இதே சிறுமியின் தாளில் "எங்கள் வீட்டுச் சிலந்தி வலை கட்டவில்லை" என்ற வரியைச் சிவப்பு மையால் சுழித்தவள் நான். சிலந்தி என்றால் வலை என்று எனக்கும் யாரோ சொல்லிக்கொடுத்ததுதான். "நீங்க வந்து பாருங்க டீச்சர்" என்றாள், போனேன். கதவுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி, வயிற்றுக்கடியில் வெள்ளைக் காசு போன்ற முட்டைப் பையை அணைத்தபடி ஒரு வேட்டைச் சிலந்தி ஒட்டியிருந்தது. அது வலை பின்னுவதில்லை, ஓடித்தான் இரை பிடிக்கும். என் சிவப்புச் சுழியை நானே அடித்துக் கையெழுத்திட்டேன்.

அவள் இப்போது எழுதியிருக்கும் கடைசி வரி இது: "முட்டைப் பை வந்ததிலிருந்து அது எதையும் சாப்பிடவில்லை, நான் பார்த்த வரையில்." பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் குஞ்சு பொரிந்துவிடுமா என்று தினமும் பார்க்கிறாள்; அந்தக் கதவை மட்டும் கடைசியில் தொடச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறாளாம்.