ஊற ஒரு நேரம், காய ஒரு நேரம்

சென்னைல ஒரு வீடு கிளீனிங் டீமுக்கு சூப்பர்வைசரா இருக்கேன். எங்களுக்கு வர்ற போன்ல நெறைய போன் "இன்னிக்கு சாயந்தரம் ஆளுங்க வர்றாங்க, உடனே வர முடியுமாம்மா"ன்னுதான் ஆரம்பிக்கும். பொண்ணு பாக்க வர்றாங்க, வளைகாப்பு, அமெரிக்கால இருந்து பையன் குடும்பத்தோட வர்றான், இப்படி ஏதாவது ஒன்னு. தேதி முன்னாடியே தெரிஞ்ச விஷயமாதான் இருக்கும், ஆனா பலகாரம், பூ, ஜாக்கெட் தைக்க குடுத்தது, ஐயருக்கு போன்னு அந்த வீட்டம்மா ஒருத்தரே எல்லாத்துக்கும் அலைஞ்சிருப்பாங்க, வீட்ட சுத்தம் பண்றது கடைசி நாள் மத்தியானம்தான் ஞாபகம் வரும். ஒரே ஆள் தலைல எல்லாத்தையும் வெச்சா வேற எப்படி ஆகும்.

நாங்க போய் எறங்குன உடனே வீட்டுக்காரங்க எதிர்பாக்கறது என்னன்னா ஆளுக்கொரு துடைப்பத்த எடுத்து சரசரன்னு பெருக்க ஆரம்பிக்கணும்னு. நான் அப்படி விட மாட்டேன். கைய எவ்ளோ வேகமா வேணா ஆட்டலாம், ஆனா கறை ஊற ஆகுற நேரத்தையும் தரை காய ஆகுற நேரத்தையும் நம்மளால குறைக்கவே முடியாது, அவசர வேலைல முழு கணக்கும் இந்த ரெண்டுலதான் இருக்கு. அதனால முதல்ல ஊற வேண்டியத எல்லாம் ஊற வெச்சிரணும். டாய்லெட் கோப்பைல கிளீனர சுத்தி விட்டு மூடிரணும், அடுப்பு மேடை எண்ணெய் பிசுக்குல சோப்புத் தண்ணிய தெளிச்சு விட்டுரணும், அடுப்பு பர்னர் தட்ட சுடுதண்ணில போட்டுரணும். போர் தண்ணி வர்ற வீடுன்னா பைப்பு, ஷவர் எல்லாம் வெள்ளையா உப்பு படிஞ்சு கெடக்கும், அத எவ்ளோ தேய்ச்சாலும் போகாது, ஸ்டீல்ல கீறல்தான் விழும். ஒரு பழைய துணிய வினிகர்ல நனைச்சு பைப்ப சுத்தி கட்டி விட்டுட்டு வேற வேலைக்கு போயிரணும், கால் மணி அரை மணி கழிச்சு வந்து துணிய உருவிட்டு லேசா தேய்ச்சா பளிச்சுனு வந்துரும். அந்த உப்பு கால்சியம் மெக்னீசியம்தான், புளிப்பு பட்டா தானே கரையும், அதுக்கு வேண்டியது நேரம் மட்டும்தான்.

இதெல்லாம் ஊறிட்டு இருக்கறப்போதான் காஞ்ச வேலை. மேல இருந்து கீழ. ஒட்டடை, ஃபேன், ஜன்னல் கம்பி, சோபா, அப்பறம் பெருக்கறது. தண்ணி தொடறது எல்லாத்துக்கும் அப்பறம், ஏன்னா தூசு மேல ஈரத் துணி பட்டா அது சேறாயிரும், அத தொடைக்க இன்னொரு தடவ ஆகும். மாப் போடறது கடைசி, உள் ரூம் மூலைல ஆரம்பிச்சு பின்னாடியே நடந்து வாசல்ல முடிக்கணும், ஃபேன் எல்லாம் ஃபுல்லா ஓடணும், மாப்ப நல்லா பிழியணும். ஆளுங்க வர்ற நேரத்துல தரை ஈரமா இருந்தா முதல்ல வழுக்கறது வயசான பாட்டிக்குதான், அது என் மனசுல எப்பவும் ஓடிட்டே இருக்கும்.

சாமான ஒதுக்கறதுல ஒரு விஷயம் சொல்லணும். எல்லாரும் செய்யறது, ஹால்ல கெடக்கற துணி, பேப்பர், பொம்மை, அமேசான் டப்பா எல்லாத்தையும் வாரி பெட்ரூம்ல போட்டு கதவ சாத்திடறது. ஆனா நம்ம வீடுகள்ல பொம்பளைங்க வந்தா பெட்ரூமுக்குள்ளதான் போவாங்க. புடவை சரி பண்ண, குழந்தைக்கு பால் குடுக்க, ஹேண்ட்பேக் வெக்க. அதனால நான் வீட்டம்மாவ கூப்ட்டு "அக்கா, இன்னிக்கு யாருமே தெறக்காத ரூம் எது"ன்னு கேட்டுட்டுதான் ஒதுக்குவேன். அப்படி ரூமே இல்லாத சின்ன வீடுன்னா பழைய பெட்ஷீட்ல மூட்டையா கட்டி கட்டிலுக்கு அடில தள்ளிரலாம், மறுநாள் பிரிச்சு அடுக்கிக்கலாம். லாஃப்ட் பக்கம் போகவே கூடாது, அத தொட்டா தூசு வீடு முழுக்க எறங்கும், அன்னிக்கு யாரும் அண்ணாந்து லாஃப்ட பாக்க போறதில்ல. அவங்க கண்ணுல படறது செருப்பு விடற எடம், வாஷ்பேசின் கண்ணாடி, தண்ணி குடுக்கற டம்ளர்.

மேற்கு மாம்பலத்துல ஒரு பழைய ஃப்ளாட், பொண்ணு பாக்க நாலு மணிக்கு வர்றாங்கன்னு மத்தியானம் கூப்ட்டாங்க. மொசைக் தரை. நாங்க உள்ள நுழையறப்பவே அந்த வீட்டு சார் ஹால் மூலைல ஆசிட் பாட்டிலோட நிக்கறாரு, ஏதோ பழைய கறை, அதுல ஊத்திட்டு "பாருங்க எப்படி பொங்கி வருது, அழுக்கு கெளம்புது"ன்னு சந்தோஷமா சொல்றாரு. மொசைக்குல இருக்கறது மார்பிள் சில்லும் சிமெண்டும், ஆசிட் பட்டா பொங்கறது அந்த கல்லு கரையறதுதான். கறை அப்படியே இருந்துச்சு, சுத்தி இருந்த பளபளப்பு போயிருச்சு. நெறைய தண்ணி ஊத்தி வாரிட்டு, "சார், அந்த எடத்துல ஒரு பூந்தொட்டி வெச்சிரலாம், நீங்க போய் குளிச்சு ரெடியாகுங்க"ன்னு அனுப்பி வெச்சேன். பாவம், அவர் பொண்ணுக்காக ஏதாவது செய்யணும்னு தவிச்சுட்டு இருந்தாரு, அது முகத்துலயே தெரிஞ்சுது.

அதே வீட்ல பாத்ரூம்ல எங்க டீம் அக்கா டாய்லெட் கிளீனர் போட்டு ஊற விட்டிருந்தாங்க. வீட்டம்மா வந்து எட்டிப் பாத்துட்டு "இது லேட்டாகும்மா, இது மேலயே கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போடு, சீக்கிரம் வெளுக்கும்"னு டப்பாவ நீட்டறாங்க. அக்கா கைய நீட்டி வாங்கிட்டாங்க, வீட்டுக்காரங்க சொன்னா மறுத்துப் பேசி பழக்கமில்ல அவங்களுக்கு. நான் ஓடிப்போய் டப்பாவ வாங்கி வெளிய வெச்சேன்.

டாய்லெட் கிளீனர்ல இருக்கறது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அதோட பிளீச் சேந்தா குளோரின் வாயு வரும். முதல் உலகப்போர்ல 1915ல பெல்ஜியத்துல ஜெர்மன்காரங்க எதிரி மேல தெறந்து விட்டது இதே குளோரின்தான்னு எங்க டிரெய்னிங்ல சொன்னாங்க, அத கேட்டப்பறம் எனக்கு அந்த ரெண்டு டப்பாவும் பக்கத்துல பக்கத்துல இருந்தாலே மனசு பொறுக்காது. குளோரின் காத்த விட ரெண்டு மடங்குக்கு மேல கனம், அதனால கீழதான் தங்கும். பாத்ரூம் தரைய தேய்க்கறவங்க எப்படி உக்காந்திருப்பாங்க? குத்த வெச்சு, முகம் கோப்பை உயரத்துல. வாசல்ல நின்னு சொல்றவங்களுக்கு லேசா நெடி அடிக்கறப்போ உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு நெஞ்சு அடைச்சிரும். வினிகர் போட்ட எடத்துலயும் பிளீச் போடக்கூடாது, அதுவும் ஆசிட்தான். ஒரு எடத்துக்கு ஒரு மருந்து, அத சுத்தமா கழுவி விட்டப்பறம்தான் வேற எதுவா இருந்தாலும். வீட்டம்மாகிட்ட பொறுமையா சொன்னேன், அவங்களுக்கு நெஜமாவே தெரியல, "அய்யோ, நான் பல வருஷமா வீட்ல ரெண்டையும் கலந்துதான் போடறேன், அதான் இருமலா"ன்னு கேட்டாங்க. தெரியாம நடக்கறதுதான் அதிகம், அதனாலதான் இத போற எடத்துல எல்லாம் சொல்லிட்டே இருக்கேன்.

இன்னொன்னு எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கு. இந்த மாதிரி அவசர வேலைல எங்க ஆளுங்க மத்தியான சாப்பாட விட்டுட்டு வந்திருப்பாங்க. வர்றவங்களுக்குன்னு டம்ளர வெளிச்சத்துல தூக்கிப் பாத்து தொடச்சு வெப்பாங்க, அவங்களுக்கு தண்ணி வேணும்னா பாட்டில்ல கொண்டு வந்தாதான் உண்டு. சில அபார்ட்மெண்ட்ல வேலைக்கு வர்றவங்க போக கீழ ஒரு டாய்லெட் கூட இருக்காது, வீட்டு பாத்ரூம அவங்கதான் கழுவுவாங்க ஆனா யூஸ் பண்ண கேக்க கூச்சப்படுவாங்க. தமிழ்நாட்ல வீட்டு வேலை பாக்கறவங்களுக்குன்னு 2007லயே நல வாரியம் வந்துருச்சு, எங்க டீம்ல கார்டு போட்டவங்களும் இருக்காங்க, போடாதவங்கள நான் பிடிச்சு இழுத்துட்டுப் போய் எழுத வெக்கறேன். ஆனா ஒரு வீட்டுக்குள்ள தண்ணியும் பாத்ரூமும் கெடைக்கறது அந்த கார்டால வர்றதில்ல, யாராவது வாய் தெறந்து கேக்கணும், அத நான் கேட்டுடறேன்.

இப்பல்லாம் போன்லயே பேசிடறேன். எத்தனை மணிக்கு வர்றாங்க, தரை மொசைக்கா டைல்ஸா, போர் தண்ணியா, எங்க ஆளுங்க எந்த பாத்ரூம் யூஸ் பண்ணலாம். இந்த கடைசி கேள்விக்கு சில பேர் ரெண்டு செகண்ட் பேச மாட்டாங்க, அப்பறம் "அதுக்கென்னம்மா, தாராளமா"ன்னு சொல்லிடுவாங்க. நாலு மணிக்கு ஆளுங்கன்னா மூணரைக்கு மாப்ப பிழிஞ்சு காயப் போட்டுருவோம், அப்பறம் ஒரு சொட்டு தண்ணி தரைல படாது. அந்த நேரத்துல பால்கனியையும் ஒரு தண்ணி விட்டு கழுவிருங்களேன்னு கேட்டாங்கன்னா, "இல்லக்கா, அது இனிமே காயாது, நாளைக்கு காலைல வந்து செஞ்சு தர்றோம்"னு சொல்லிட்டு பக்கெட்ட எடுத்து வெச்சிருவேன்.