தும்புத்தடியும் லெஃப்ட் ஹூக்கும்

பொக்சிங் கிளாஸுக்குப் போகத் தொடங்கி எட்டு மாசம். இடக்கையால நேர குத்துற ஜப் ரெண்டு கிழமையில வந்திட்டுது, வலக்கையால நேர குத்துற க்ரொஸும் ஒரு மாதிரிப் பிடிபட்டிட்டுது, இடக்கையை மடிச்சு பக்கத்தால அடிக்கிற இந்த லெஃப்ட் ஹூக் மட்டும் என்னைப் படாதபாடு படுத்தினது. அடிச்சா தொங்கவிட்ட பாக் அசையாது, என்ர மணிக்கட்டுத்தான் மடங்கும். அடுத்த நாள் வேலைக்குப் போகேக்க 101 பஸ்ஸில இடக்கையால கம்பியைக்கூடப் பிடிக்கேலாது.

கோச் ஒரு சிங்கள ஐயா, அறுபது தாண்டியிருக்கும், தமிழ் நாலைஞ்சு சொல்லுத்தான் தெரியும், என்ர சிங்களமும் அந்த லெவல்தான். நான் ஒவ்வொருக்கா ஹூக் அடிக்கேக்கயும் ஒரே பல்லவி, "அத்த நெமே மல்லி, ககுல!" கை இல்லையடா, கால். நான் தலையை ஆட்டிப்போட்டு திரும்பவும் கையாலதான் வீசுவன். செவிட்டில அறையிறதுக்கு ஓங்கிற மாதிரி.

ஒரு நாள் மனுசன் பொறுமை இழந்து, என்ர கிளவுஸை பாக்கில ஒட்ட வச்சு, முழங்கையை மடிச்சு பிடிச்சுக்கொண்டு, கையை அசைக்காம பாக்கைத் தள்ளு எண்டார். எப்பிடித் தள்ளுறது? கால் திரும்பினாத்தான் உண்டு. முன்கால் பெருவிரல் பக்கத்தை ஊண்டிக்கொண்டு குதிக்காலை வெளியால திருப்ப, இடுப்பு திரும்பிச்சு, இடுப்புக்குப் பின்னால தோள் வந்துது, பாக் சும்மா ஒரு அடி நகர்ந்து போச்சு. கை ஒண்டுமே செய்யேல்ல!

வீட்ட வந்து கணக்குப் பாத்தன். நான் 72 கிலோ. ஒரு ஆளின்ர கை முழுக்கவே உடம்பு நிறையில கிட்டத்தட்ட இருபதில ஒரு பங்குதான், அப்ப என்ர கை ஒரு மூண்டரைக் கிலோ. நெஞ்சும் வயிறும் இடுப்பும் சேர்ந்தா கிட்டத்தட்ட அரைவாசி வரும். இவ்வளவு நாளும் அந்த அரைவாசியைச் சும்மா நிக்க விட்டிட்டு மூண்டரைக் கிலோவை மட்டும் வீசிக்கொண்டு இருந்திருக்கிறன்.

அதுக்குப் பிறகுதான் தும்புத்தடி. அம்மா வீடு கூட்டுற தும்புத்தடியை எடுத்து ரெண்டு தோளுக்குக் குறுக்கால வச்சுக்கொண்டு ஹோலில நிண்டு திரும்புறது. தடியின்ர நுனி எங்க போகுது எண்டு பாத்தா பிழை உடன தெரியும், இடுப்பும் தோளும் ஒரே நேரத்தில திரும்பினா அது மரக்கட்டை மாதிரிச் சுத்தும், இடுப்பு ஒரு நொடி முந்தித் திரும்பி தோள் பிந்தி வந்தா நாரிப்பக்கம் ரப்பர் பாண்ட் மாதிரி இழுபட்டு படார் எண்டு விடுபடும். அந்த இழுவைதான் விஷயம். ஒருக்கா தடி ரிவியில முட்டினது, அம்மா ஒரு கிழமை கதைக்கேல்ல.

மணிக்கட்டு ஏன் மடங்கினது எண்டதும் அப்பதான் விளங்கினது. முழங்கை பொத்தின கைக்கு நேர் பின்னால, அதே உயரத்தில இருக்கோணும், கிட்டத்தட்ட 90 பாகையில மடிஞ்சு. என்ர முழங்கை கீழ விழும், அப்ப கடைசி ரெண்டு விரல் மொழிதான் பாக்கில படும். சின்னவிரலுக்குக் கீழ இருக்கிற உள்ளங்கை எலும்பு மெலிசு, பொக்சர்ஸ் ஃப்ராக்சர் எண்டு சொல்லுறது அது உடையிறதைத்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் மொழி ரெண்டும் படுற மாதிரி அடிக்கோணும். பெருவிரல் மேல பாக்கோணுமா, உள்ளங்கை கீழ பாக்கோணுமா எண்டு கோச்மாருக்கிடையில ஓயாத சண்டை. எனக்கு கிட்ட நிண்டு அடிக்கேக்க பெருவிரல் மேல, கொஞ்சம் தூரத்தில எண்டா உள்ளங்கை கீழ, அதுதான் சுகம்.

இன்னொரு வியாதி, பள்ளிக்கூடத்தில கராத்தே பழகினது. ஒரு கை குத்த மற்றக் கையை இடுப்புக்கு இழுக்கிற பழக்கம் எலும்பில ஊறிப்போச்சு, ஸ்பாரிங்கில, அதான் ரெண்டு பேர் எதிரெதிர நிண்டு பழகிற சண்டையில, ஹூக் அடிக்கேக்க வலக்கை தானா இடுப்புக்குப் போகும், நாடி (தாடை) மறைப்பில்லாம திறந்து கிடக்கும், எதிர்ல நிண்ட கம்பஸ் பெடியன் அதைக் கண்டுபிடிக்க ரெண்டு நிமிசம் கூட எடுக்கேல்ல. மூக்கால ரத்தம் வந்தது. கராத்தேயிலயும் காகி சுகி எண்டு கொக்கிக்குத்து இருக்குது, தனிய நிண்டு வரிசையாச் செய்யிற கட்டாவில நான் செய்திருக்கிறன், அதால ஒருத்தருக்கு அடிக்கலாம் எண்டு அப்ப யோசிச்சதே இல்லை.

ஹூக் எண்டா அமெரிக்க ஹெவிவெயிட் பொக்சர் ஜோ ஃப்ரேஸியர்தான். 1971 மார்ச் 8, மடிசன் ஸ்குவெயார் கார்டன், 15ஆவது ரவுண்டில முகமது அலியை விழுத்தின அடியை யூடியூபில பாருங்கோ, ஆனா கையைப் பாக்காதேங்கோ, முழங்காலைப் பாருங்கோ. மனுசன் குனிஞ்சு, கீழ இருந்து எழும்பி வாறார். அலி உடன எழும்பீட்டார், அது வேற ஆச்சரியம். பக்கத்தால வாற அடி எண்டபடியா கண்ணில படுறது குறைவு, நாடியில பட்டா தலை சடார் எண்டு திரும்பும், உள்ள மூளை அந்த வேகத்துக்குத் திரும்பாது, அதுதான் ஆள் விழுறது. அதே இடக்கை ஹூக்கை வலப்பக்க விலாவுக்குக் கீழ குடுத்தா ஈரல். வாங்கியிருக்கிறன். ஒரு நொடி ஒண்டும் இல்லை, பிறகு கால் தானா மடங்குது.

ஆனா உதையும் இருக்கிற தாய்லாந்துச் சண்டை முய்தாய் பழகிற என்ர மச்சான் சிரிக்கிறான், காலை அப்பிடித் திருப்பிப் பாரத்தை முன்னுக்கு வச்சா நான் தொடையில உதைப்பன் எண்டு. ஓம், அதுவும் உண்மைதான். உதை இருக்கிற சண்டையில காலைக் கொஞ்சமாத்தான் திருப்போணும், உடன பழைய நிலைக்கு வரோணும்.

போன வியாழன் பாக்கில ஒரு ஹூக் விழுந்தது, சத்தமே வேற, டொப் எண்டு கட்டையா. கோச் அங்கால ஒரு சின்னப்பெடியனுக்கு பண்டேஜ் சுத்திக்கொண்டு இருந்தவர், திரும்பிக்கூடப் பாக்கேல்ல, "ஆ, ககுல" எண்டார்.

தும்புத்தடி இப்ப என்ர அறைக்கதவுக்குப் பின்னால நிக்குது. அம்மா வேற ஒண்டு வாங்கீட்டா.