பாறைக்குள் இருக்கும் பாஸ்பேட்: ஒரு பவளத்தொட்டியின் நாட்குறிப்பு

2024 ஜனவரி 7, ஞாயிறு

இன்று காலை அளந்தபோது பாஸ்பேட் 0.42 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நைட்ரேட் 18 பிபிஎம், காரத்தன்மை 8.1 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு), உவர்ப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று இருந்தன. வடிகட்டும் துணைத்தொட்டியான சம்ப்பையும் சேர்த்து ஏறத்தாழ 300 லிட்டர் நீர் கொள்ளும் இந்தக் கடல்நீர்ப் பவளத்தொட்டி, அதன் பாறைகளோடும் பவளங்களோடும் மீன்களோடும் அண்மையில்தான் என் பொறுப்புக்கு வந்தது. பல ஆண்டுகள் தாராளமாகத் தீனி போடப்பட்ட தொட்டி என்பது பாறைகளைப் பார்த்தாலே தெரிகிறது. பின்பக்கக் கண்ணாடியிலும் பாறை முகடுகளிலும் பச்சை முடிப்பாசி விரல் நீளத்துக்கு வளர்ந்து, பவளத்தின் உறவான ஜோவாந்திட் கூட்டங்களின் மேல் கவியத் தொடங்கியிருக்கிறது.

இயற்கையான பவளத்திட்டுகளின் மேற்பரப்பு நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் 0.03 பிபிஎம்முக்கும் கீழேதான் இருக்கும். அளவு கூடும்போது பாசி செழிப்பது ஒருபுறம் இருக்க, கால்சியம் கார்பனேட் படிகம் வளரும் பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு அந்த வளர்ச்சியையே தடுக்கிறது என்பதுதான் கல்பவளம் வளர்ப்பவர்கள் கவலைப்பட வேண்டிய செய்தி. இங்குள்ள அக்ரோபோரா என்னும் கல்பவளத்தின் நுனிகளில் புதிய வளர்ச்சியின் வெண்மையே இல்லை. 0.05க்கும் 0.10க்கும் இடையே கொண்டுவந்து நிறுத்துவது என் இலக்கு. பூஜ்யம் என் இலக்கு அல்ல, ஏன் என்பதைப் பின்னர் எழுதுகிறேன்.

ஜனவரி 9, செவ்வாய்

அளவீட்டைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். ஹன்னா நிறுவனத்தின் மிகக்குறைந்த அளவுக்கான பாஸ்பேட் செக்கர் என்னும் சிறு அளவுகருவியைப் பயன்படுத்துகிறேன். அதன் பிழை வரம்பே கூட்டியோ குறைத்தோ 0.02 பிபிஎம் என்பதால், ஒரு நாள் 0.42 என்றும் மறுநாள் 0.40 என்றும் காட்டினால் அதை இறக்கம் என்று கொண்டாடக் கூடாது. ஒரே குப்பியை ஒரே திசையில் வைத்து, வெளிப்புறத்தில் கைரேகை படாமல் துடைத்து, சோதனைத் தூளைக் கொட்டி இரண்டு நிமிடம் மெல்லக் குலுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழ்களைத் தட்டி அகற்றிய பிறகே மூன்று நிமிடக் காத்திருப்பைத் தொடங்குகிறேன்.

இந்தச் சோதனையில் மாலிப்டேட்டோடு சேர்ந்து நீல நிறம் தருவது நீரில் கரைந்துள்ள ஆர்த்தோபாஸ்பேட் மட்டுமே. பாசி தன் உடலுக்குள் இழுத்துக்கொண்டதும், கழிவிலும் தீனித் துகளிலும் கட்டுண்டிருப்பதும் கணக்கில் வருவதில்லை. தொட்டி முழுவதும் பாசி மண்டியிருக்கும்போது கருவி பூஜ்யத்தைக் காட்டுவதில் முரண் எதுவும் இல்லை. வந்ததையெல்லாம் பாசியே எடுத்துக்கொண்டுவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள்.

ஜனவரி 14, ஞாயிறு

பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஆர்ஓ, டிஐ (அயனி நீக்கம்) வடிகட்டியிலிருந்து வரும் நீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்தத் திண்மம்) பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். புதிதாக உப்புக் கலந்த நீரில் 0.01 காட்டியது, கருவியின் பிழை வரம்புக்குள் அது ஒன்றுமில்லை. எஞ்சுபவை தீனியும் பாறையும்தான்.

தீனிக்கு ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர்தீனியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. பாஸ்பரஸைப் பாஸ்பேட்டாக மாற்ற 3.066ஆல் பெருக்க வேண்டும். ஆக ஏறத்தாழ 31 மில்லிகிராம் பாஸ்பேட். 300 லிட்டர் நீரில் அது முழுவதும் கரைந்தால் 0.10 பிபிஎம் கூடிவிடும். ஒரே ஒரு கிராம் தீனி, நான் இலக்காக வைத்திருக்கும் மொத்த அளவையே கொண்டுவந்து சேர்க்கிறது. எனவே வெளியேற்றம் என்பது எப்போதோ ஒரு முறை செய்யும் சிகிச்சையாக இராமல், தீனி போடும் அத்தனை நாளும் நடந்தாக வேண்டிய வேலையாகிறது.

உறைந்த தீனியைக் கரைத்து வடிகட்டிப் போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பாஸ்பரஸின் பெரும்பகுதி தீனியின் தசைக்குள்ளேயே இருப்பதால், வடித்த நீரைக் கொட்டுவதால் மட்டும் பெரிய மாற்றம் வந்துவிடாது. மீன்களைப் பட்டினி போட்டு பாஸ்பேட் அளவைக் குறைக்க எனக்கு மனமில்லை. இங்குள்ள மஞ்சள் டாங் நாள் முழுவதும் மேயும் மீன். அதன் வயிறு ஒட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு பாஸ்பேட் குறைந்ததென்று மகிழ முடியாது.

ஜனவரி 20, சனி

கைக்கு வந்த ஒரு சிறு பாறைத்துண்டைச் சுத்தம் செய்து, பாஸ்பேட் இல்லாத புதிய உப்புநீர் நிரம்பிய வாளியில் ஒரு சிறு பம்ப்போடு ஒரு வாரம் போட்டு வைத்திருந்தேன். தீனி இல்லை, மீன் இல்லை. இருந்தும் வாளி நீரில் இன்று 0.31 பிபிஎம். கால்சியம் கார்பனேட்டாலான பாறையும் மணலும் நீரில் பாஸ்பேட் மிகும்போது அதைத் தம் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கின்றன, நீரில் குறையும்போது திருப்பித் தருகின்றன. கருவி காட்டும் எண் நீரின் கணக்கு மட்டுமே. கிடங்கு பாறைக்குள் இருக்கிறது.

நீர் மாற்றுவதால் மட்டும் இதைத் தீர்க்க முடியாமல் போவதற்கும் இதுவே காரணம். 15 சதவீத நீரை மாற்றினால் 0.42 என்பது 0.36க்கு இறங்கும், சில நாளில் பாறை அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று முழுவதும் கையால் பாசி பறித்தேன். பாசியின் உடலுக்குள் இருக்கும் பாஸ்பேட்டை ஐயத்துக்கு இடமின்றித் தொட்டியைவிட்டு வெளியேற்றும் வழி இது என்பதால், எந்த மருந்தையும்விட இதன்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். பறிப்பதற்கு முன் உருப்பெருக்கியால் பார்த்து, இது பிரையாப்சிஸ் என்னும் வேறு பாசி அல்ல என்று உறுதி செய்துகொண்டேன். பிரையாப்சிஸின் இழைகள் இறகுபோல இருபுறமும் கிளைத்திருக்கும், அதைக் கையாளும் விதமும் வேறு. இங்கே இருப்பது கிளைப்பின் ஒழுங்கு தெரியாத மெல்லிய முடிப்பாசி.

அலைவிசிறிகளை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பிய்ந்த இழைகள் தொட்டி முழுவதும் பரவிப் புதிய இடங்களில் ஒட்டிக்கொள்ளும். அசைக்கக்கூடிய பாறைகளை எடுத்து, தொட்டியிலிருந்து இறக்கிய பழைய நீரில் முக்கி, பல்துலக்கியால் தேய்த்து, அதே நீரில் அலசித் திருப்பி வைத்தேன். அசைக்க முடியாதவற்றில் ஒரு கையால் வேரோடு கிள்ளிக்கொண்டே, மறுகையில் உறிஞ்சுகுழாயைப் பாசியின் அடியில் பிடித்திருந்தேன். நெருக்கமாக மண்டியிருந்த ஒரு பாறையை மட்டும் நீருக்கு வெளியே வைத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் தடவி, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவினேன். பெராக்சைடைத் தொட்டி நீரில் நேரடியாக ஊற்றும் முறை எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் சுத்தம் செய்யும் லைஸ்மாட்டா இறால்கள் அதற்கு எளிதில் பாதிக்கப்படும்.

இரண்டு மூன்று இடங்களில் குமிழ்ப்பாசியும் இருந்தது. உடைக்காமல் அடியோடு நெம்பிக் குழாய்க்குள் விட்டேன்.

பிப்ரவரி 3, சனி

பாசியைக் கையால் குறைத்த பிறகு பாஸ்பேட் சற்று ஏறியிருக்கிறது: 0.46. நீரிலிருந்து அதை இழுத்துக்கொண்டிருந்த பாசி போய்விட்டதால் இது எதிர்பார்த்ததே. இப்போதுதான் பாஸ்பேட்டைத் தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும் ஜிஎஃப்ஓ என்னும் இரும்பு ஆக்சைடு குருணையைத் தொடங்குகிறேன். தயாரிப்பாளர் சொல்லும் அளவில் பாதியை எடுத்து, செந்நிறத் தூள் போகும்வரை ஆர்ஓ நீரில் அலசி, குருணையினூடே நீரைச் செலுத்தும் குழாயான ரியாக்டரில் மேற்பரப்புக் குருணைகள் மட்டும் மெல்லப் புரளும் அளவுக்கு நீரோட்டத்தை வைத்திருக்கிறேன். வேகமாகப் புரண்டால் குருணைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பொடியாகித் தொட்டிக்குள் போகும்.

பாஸ்பேட்டை நீக்க லாந்தனம் குளோரைடு மலிவானது, விரைவானது. ஆனால் அது உண்டாக்கும் லாந்தனம் பாஸ்பேட் வீழ்படிவு மிக நுண்ணியது. 5 அல்லது 10 மைக்ரான் வடிகட்டிப் பையில் அது பிடிபடாவிட்டால் மீன்களின் செவுளில் போய்ச் சேரும். டாங் வகை மீன்கள் அதில் துன்பப்பட்டதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். விரைவு எனக்குத் தேவையுமில்லை. நெடுங்காலம் மிகுந்த பாஸ்பேட்டில் வாழப் பழகிய பவளங்களை ஒரே வாரத்தில் பஞ்சத்தில் தள்ளினால், அவை திசு உரிந்து இறந்துபோகக் கூடும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பாஸ்பேட் 0.33, காரத்தன்மை 7.7. பாஸ்பேட் இறங்க இறங்கப் பவளங்கள் எலும்புக்கூடு கட்டும் வேகம் கூடுவதால், காரத்தன்மையின் செலவும் கூடும். வாரம் ஒரு முறை பார்த்துவந்ததை இனி இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

மார்ச் 2, சனி

குருணையை மாற்றினேன். பாஸ்பேட் 0.24. பாறைகளில் பாசி இப்போது மொட்டையடித்தாற்போல் குட்டையாக இருப்பதால், ட்ரோக்கஸ் நத்தைகளையும் ஒரு டக்ஸிடோ கடல் முள்ளெலியையும் விட்டேன். நீண்ட முடிப்பாசியை நத்தைகள் சீண்டுவதில்லை, தளிரைத்தான் மேயும். ஆகவே கையால் பறித்த பிறகே அவற்றுக்கு வேலை. ட்ரோக்கஸைத் தேர்ந்ததற்குக் காரணம், கவிழ்ந்து விழுந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும் திறன் அதற்கு உண்டு. உவர்ப்பு மாற்றத்தை நத்தைகள் தாங்கா என்பதால், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நெடுநேரம் பழக்கிய பிறகே உள்ளே விட்டேன். மேய்ச்சல் உயிரினங்கள் பாஸ்பேட்டை வெளியேற்றுவதில்லை. தின்றதைக் கழிவாக்கி மீண்டும் நீரிலேயே விடுகின்றன. அவை பாசியின் முகத்தைத்தான் மாற்றும், கணக்கை மாற்றா.

மார்ச் 17, ஞாயிறு

சம்ப்பில் கீட்டோ என்னும் பச்சை இழைப்பாசி வளர்க்கும் பகுதி தயாராகிவிட்டது. தொட்டி விளக்கு அணைந்த பிறகு அதன் விளக்கு எரிகிறது. இரவில் பிஎச் இறங்குவதை இது ஓரளவு தடுக்கும்.

இங்கே ஒரு விகிதத்தை மனத்தில் கொள்ள வேண்டும். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934இல் தொடங்கிய ஆய்வுகளின் வழியே வந்த 106:16:1 என்னும் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் மிதவை நுண்ணுயிர்களுக்கு உரியது. அட்கின்சனும் ஸ்மித்தும் 1983இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடலடித் தாவரங்களுக்கும் பாசிகளுக்கும் அது 550:30:1. எடைக்கணக்கில் பார்த்தால், 0.1 பிபிஎம் பாஸ்பேட்டை எடுக்கும் பாசி ஏறத்தாழ 2 பிபிஎம் நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும். நைட்ரேட் தீர்ந்துபோனால் கீட்டோ வளர்ச்சி நின்றுவிடும். எஞ்சிய பாஸ்பேட் நீரிலேயே தங்கும். ஆகவே கீட்டோவின் வெற்றியைப் பார்க்க பாஸ்பேட் எண்ணைவிட நைட்ரேட் எண்ணையே நான் கவனமாகப் பார்க்கிறேன். அறுவடை செய்து வெளியே எடுத்தால்தான் அது வெளியேற்றம். சம்ப்பிலேயே அழுகவிட்டால் எல்லாம் திரும்பிவிடும்.

ஏப்ரல் 6, சனி

பாஸ்பேட் 0.12, நைட்ரேட் 7. குருணையின் அளவைப் பாதியாக்கிவிட்டேன்.

பூஜ்யம் ஏன் என் இலக்கு அல்ல என்று ஜனவரியில் சொல்ல விட்டுவைத்ததை இப்போது எழுதலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிய தொட்டிகளில் டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்கள் தலையெடுப்பது பலரும் கண்ட அனுபவம். பழுப்புநிறச் சளிபோல, நுனியில் காற்றுக்குமிழ்களோடு, பகலில் படர்ந்து இரவில் மெலியும் அந்தப் படலத்தை ஒழிப்பதோடு ஒப்பிட்டால் முடிப்பாசி எளிய எதிரி. அந்த நுண்ணுயிர்களில் ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்றவை நஞ்சுள்ளவை. அவற்றை மேயும் நத்தைகள் இறந்துபோகும். பவளத்துக்கும் பாஸ்பரஸ் உணவுதான். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பஞ்சம் ஏற்படும்போது, வெப்பத்துக்கும் ஒளிக்கும் பவளம் எளிதில் வெளிறுகிறது என்று 2013இல் ஆய்வு ஒன்று காட்டியது. பாஸ்பேட்டைப் பகை என்று மட்டும் கருதுபவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வலது மூலையில், நீரோட்டம் மந்தமான மணற்பரப்பில் செந்நிற சயனோ (சயனோபாக்டீரியா) படலம் தெரிந்தது. உறிஞ்சி எடுத்துவிட்டு, அலைவிசிறியின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன்.

மே 12, ஞாயிறு

பாஸ்பேட் 0.08, நைட்ரேட் 5, காரத்தன்மை 7.8. கடந்த சில வாரங்களாக 0.07க்கும் 0.09க்கும் இடையிலேயே நிற்கிறது. கருவியின் பிழை வரம்பை எண்ணிப் பார்த்தால் இதை அசையாத எண் என்றே சொல்லலாம். அக்ரோபோராவின் நுனிகள் வெளுத்த நீலத்தில் நீண்டு வருகின்றன, அடிப்பகுதி பாறையின்மேல் படரத் தொடங்கியிருக்கிறது. முடிப்பாசி இருந்த முகடுகளில் ஊதா நிறக் கோரலைன் பாசி பிடித்துவருவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ரியாக்டரை இன்று நிறுத்தினேன். இனிமேல் கீட்டோ அறுவடை, ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), நீர் மாற்றம் ஆகிய மூன்றும் அன்றாடத் தீனியின் வரவைச் சமன் செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாறையிலிருந்து இன்னும் கசிவு இருந்தால் எண் மெல்ல ஏறும். 0.15ஐத் தாண்டினால் குருணையைச் சிறு அளவில் மீண்டும் சேர்ப்பேன், 0.03க்குக் கீழே போனால் கீட்டோவின் விளக்கு நேரத்தைக் குறைத்து, மீன்களுக்குத் தீனியைக் கூட்டுவேன். அடுத்த அளவீடு வரும் ஞாயிற்றுக்கிழமை.