நேரம் சொல்லாத சிக்னல்

அளவீட்டு ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ரூபிடியம் கடிகாரம் என்ற அணுக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் திரை இல்லாத ஒரு தொலைக்காட்சி ரிசீவர் இருந்தது. கூரையிலிருந்து ஆன்டெனா கம்பி அதற்குள் இறங்கும். அதிலிருந்து இன்னொரு கம்பி, இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளக்கும் கவுண்டருக்குப் போகும். கடிகாரத்தைச் சரிபார்க்க அதுதான் கருவி என்றார்கள்.

ஒரு படத்தை 625 வரிகளாக அனுப்பும் ஒளிபரப்பில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ வினாடி, முழுப் படத்துக்கு 40 மில்லி வினாடி. படம் இல்லாத தொடக்க வரிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். எங்கள் கடிகாரத்தின் வினாடித் துடிப்பு கவுண்டரை ஓடவிடும். அந்த வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் ஒத்திசைவுத் துடிப்பு வந்து நிறுத்தும். தொலைவிலுள்ள இன்னோர் ஆய்வகமும் அதே வினாடியில் இதையே செய்யும்.

"ஒளிபரப்பு நிலையத்துக்குச் சரியான நேரம் தெரிய வேண்டாமா, சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாம். ஒரே துடிப்பை இரண்டு பேரும் பார்த்தால் போதும்" என்றார் மூத்த பொறியாளர்.

அன்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நிலையத்தின் பிழை இரண்டு எண்களிலும் ஒரே அளவில் இருக்கிறது, கழித்தால் போய்விடுகிறது. மிஞ்சுவது இரு கடிகாரங்களின் வேறுபாடும், சிக்னல் வந்த பாதைகளின் வேறுபாடும். பாதையை ஒருமுறை அளந்து வைத்தால் போதும்: கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3.3 மைக்ரோ வினாடி. செக்கோஸ்லோவாக்கியாவில் 1960களிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். எவ்வளவு அழகான யோசனை!

ஒரு நாள் காலை வேறுபாடு திடீரென்று 20 மைக்ரோ வினாடி தாவியிருந்தது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று பதறி, அதைத் திருத்தப் போனேன். மூத்தவர் தடுத்தார்: "ஐந்து நாள் அளவு எடு. பிறகு பேசலாம்." எடுத்தேன். வரைபடத்தில் கோடு ஒரு படி ஏறியிருந்தது. சாய்வு மட்டும் பழையபடியே இருந்தது. கடிகாரத்தின் வேகம் மாறியிருந்தால் சாய்வு மாறியிருக்கும். விசாரித்தபோது விடை கிடைத்தது. ஒரே நிலையத்தின் சிக்னலை இரு ஆய்வகங்களும் வெவ்வேறு கோபுரங்கள் வழியே பெற்றன. எங்கள் கோபுரத்துக்கு வரும் மைக்ரோவேவ் இணைப்பை ஆறு கிலோமீட்டர் கூடுதலான சுற்றுப்பாதைக்கு மாற்றியிருந்தார்கள். அன்று கடிகாரத்தைத் தொட்டிருந்தால் பல மாதப் பதிவுகள் பாழாகியிருக்கும். இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

பிறகு கோபுரங்களில் படத்தைச் சேமித்துத் தம் கடிகாரப்படி மீண்டும் அனுப்பும் கருவிகள் வந்தன. இரு கோபுரங்களின் துடிப்புகளுக்கும் இருந்த உறவு அத்துடன் அறுந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பில் தாமதமும் நிலையாக இல்லை. ரிசீவரை நாங்கள் அணைத்தோம்.

அதற்குப் பதிலாக ஜிபிஎஸ் வந்தது. இரு ஆய்வகங்களும் ஒரே செயற்கைக்கோளை ஒரே நேரத்தில் பார்க்கும் முறையை 1980இல் முன்வைத்திருந்தார்கள். புதிய பதிவேட்டில் நான் போட்ட தலைப்புகள் பழையவையே: நம் அளவு, அவர்கள் அளவு, வேறுபாடு, பாதை. பாதைக்கு முன்பு ஒரே எண்ணைத்தான் எழுதிவந்தோம். செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே இருப்பதால், இப்போது ஒவ்வோர் அளவுக்கும் அதைப் புதிதாகக் கணக்கிடுகிறோம்.