பாம்புக்குள் இரண்டு சத்தம்

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்புக்கு நான் ஆங்கிலம் எடுக்க ஆரம்பித்த முதல் மாதம். 'பிரிங் தி பால்' என்றேன். பந்து மூலையில்தான் கிடந்தது. ஒரு பையன் எழுந்து என் முகத்தையே பார்த்தபடி, "எங்க மாடு இப்போ கறக்கறதில்ல டீச்சர்" என்றான்.

அவன் காதில் விழுந்தது குடிக்கிற பால். பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் தமிழில் எழுதிக்காட்டினாலும் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன?

அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். மறுநாள் பாம்பைக் கொண்டுவந்தேன், சொல்லாக. ஆளுக்கு ஒரு கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முதலில் வரும் 'பா' தொடங்கும்போது தொண்டை சும்மா இருக்கிறது, 'ம்'முக்குப் பிறகு வருகிற 'பு'வில் அதிர்கிறது. எழுத்து ஒன்றுதான், சத்தம் இரண்டு. "அந்த இரண்டாவது சத்தத்தை முன்னாடி கொண்டுவந்து 'பால்'னு சொன்னா, அது பந்து" என்றேன். தங்கத்தில் வரும் 'க', பந்தில் வரும் 'து' எல்லாம் இப்படித்தான். ஆங்கிலத்துக்கு வேண்டிய சத்தங்களில் பலவற்றைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். இடம்தான் புதிது.

'புக்கு', 'கப்பு' என்று உகரம் சேர்ப்பதும் அப்படித்தான். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. அந்தப் பழக்கம் பிள்ளையின் நாக்கில் இருக்கிறது. திட்டி என்ன ஆகப்போகிறது? 'கப்' என்று சொல்லிவிட்டு நான் இரண்டு எண்ணும்வரை உதட்டைத் திறக்கக் கூடாது என்று விளையாட்டு வைத்தேன். உதடு மூடியிருந்தால் உகரம் எப்படி வரும்? ஒரு வாரத்தில் பாதி வகுப்புக்குப் பிடிபட்டது.

இதற்கு முன் இரண்டு வருடம் ஒரு தனியார் நர்சரியில் இருந்தேன். அங்கே வகுப்பில் தமிழ் பேசக் கூடாது. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், பாவாடை நனைய உட்கார்ந்திருந்தாள். அந்த விதியைக் காத்து நின்றவள் நான்தான். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. தமிழைப் பூட்டிவைத்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று யார் சொன்னாலும் இப்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

2022-இல் தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறோம். பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. எனக்கு அதில் பிடித்தது, வாய் திறக்காத பிள்ளைக்கும் ஓர் இடம் இருப்பது. 'ஜம்ப்', 'சிட்', 'டச் தி வால்' என்று நான் சொல்லச் சொல்ல, பேசாமல் செய்து காட்டினாலே போதும். பேச்சு அப்புறம் வரட்டும், அவசரமில்லை.

அப்படி ஆடி மாதம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் குதித்துக்கொண்டே இருந்த ஒரு பெண், ஒருநாள் மதியம் சாப்பாட்டுத் தட்டோடு என்னிடம் வந்தாள். ஒரு கை தொண்டையில் இருந்தது.

"டீச்சர், எங்க தம்பியிலயும் அந்தச் சத்தம் இருக்கு."