கிட்டில் ஃபிளெட்சர், மேசையில் வெலோஸ்

டமியா நிறுவனத்தின் 1/350 ஃபிளெட்சர் கிட்டை (நிஜக் கப்பலில் 350-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாடல்) உள்ளே இருக்கும் தாளைப் பார்த்து அப்படியே ஒட்டினால், இரண்டாம் உலகப் போர் கால அமெரிக்க டெஸ்ட்ராயர் (வேகமான போர்க்கப்பல்) ஒன்று கிடைக்கும். அழகான கப்பல்தான். ஆனால் எனக்கு வேண்டியது, அந்த வகையில் ஒரு கப்பல் கிரேக்கக் கொடியோடு 1973 மே 25 அன்று இருந்த கோலம். பெயர் வெலோஸ், அதாவது அம்பு. முகப்பில் D16 என்ற எண்.

ஃபிளெட்சர் வகையில் மொத்தம் 175 கப்பல்கள் கட்டப்பட்டன. வெலோஸ் அமெரிக்காவின் பாஸ்டன் கடற்படைத் தளத்தில் கட்டப்பட்டது. 1943 மே மாதம் சேவைக்கு வந்தபோது பெயர் சாரெட். பசிபிக்கில் அது செய்ததில் எனக்குப் பிடித்தது கடைசிச் சம்பவம். 1945 ஆகஸ்ட் 3 அன்று, இந்தோனேசியாவை ஒட்டிய பாண்டா கடலில் சாரெட்டும் அதே வகைக் கூட்டாளிக் கப்பல் கானரும் சேர்ந்து தச்சிபானா மாரு என்ற ஜப்பானிய மருத்துவமனைக் கப்பலை நிறுத்திச் சோதனை போட்டன. படுக்கையில் நோயாளிகளாகக் கிடந்தவர்கள் சுமார் 1,500 நல்ல திடகாத்திரமான சிப்பாய்கள். செஞ்சிலுவைக் குறி போட்ட பெட்டிகளைத் திறந்தால் ஆயுதங்கள்!

போர் முடிந்ததும் 1947-இல் ஓரங்கட்டப்பட்ட சாரெட், 1959 ஜூனில் கிரேக்கக் கடற்படைக்குப் போனது. சில மாதங்களில் கானரும் அதே வழியில் போய் ஆஸ்பிஸ் ஆனது. அன்றைக்கு அமெரிக்கா தன்னிடம் மிஞ்சிக் கிடந்த டெஸ்ட்ராயர்களை நேட்டோ நாடுகளுக்கு இப்படித்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

கிட்டோடு சண்டை தொடங்குவதும் இந்த இடத்தில்தான். பெட்டிக்குள் ஐந்து 5 அங்குல பீரங்கிகள் இருக்கின்றன, வெலோஸில் நான்குதான். போருக்குப் பிந்தைய மாற்றங்களில் மூன்றாவது பீரங்கியைக் கழற்றிவிட்டார்கள், 40 மி.மீ. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்குப் பதிலாக 3 அங்குல இரட்டைப் பீரங்கிகள் வந்தன. பின்பக்க மேற்கட்டில் அந்த மூன்றாவது பீரங்கிக்கான வட்ட மேடையை ரம்பப் பிளேடால் அறுத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டி மூடினேன். 3 அங்குலப் பீரங்கிகள் 3டி பிரிண்டில் கிடைக்கின்றன. ரெசின் குழல்கள் தொட்டாலே ஒடிகின்றன. அதனால் குழலை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு ஊசிக் குழாயைச் செருகிவிட்டேன். மாடல் செய்கிறவர்களுக்கு மருந்துக் கடை இரண்டாவது ஹாபி ஷாப்!

அப்புறம் பாய்மரம், அதாவது ரேடாரைத் தாங்கும் கம்பம். கிட்டில் இருப்பது ஒற்றைக் கம்பம். கனமான ரேடார்கள் வந்தபோது ஒற்றைக் கம்பம் தாங்கவில்லை, மூன்று கால் பாய்மரம் வைத்தார்கள். கிடார் கம்பியில் மூன்று துண்டு வெட்டி, கால்கள் நிற்கும் கோணத்தைத் தெர்மாகோலில் வரைந்து, அதிலேயே குத்தி நிறுத்தி, முனையில் ஒரு சொட்டு ஃபெவிக்விக். அதிகம் விட்டால் வெள்ளையாகப் பூக்கும். பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு வைப்பதுதான் சரி. இந்த மாடலில் எனக்கு முழுத் திருப்தி தந்த பகுதி இதுதான்.

வண்ணத்தில் வேலை குறைவு. போர்க்கால உருமறைப்பு டிசைன் எதுவும் கிடையாது. பக்கச்சுவர் முழுக்க வெளிர் சாம்பல், அடியில் சிவப்பு, நடுவில் கறுப்புப் பட்டை.

இப்போது தேதிக்கு வருகிறேன். கிரேக்கத்தில் 1967 முதல் ராணுவ ஆட்சி. 1973 மே மாதம் அதற்கு எதிராகக் கடற்படைக்குள் திட்டமிட்ட கிளர்ச்சி அம்பலமாகி, அதிகாரிகள் கைதானார்கள். நேட்டோ பயிற்சிக்காக இத்தாலிக்கும் சார்டினியாவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த வெலோஸின் கேப்டன் நிகோலாஸ் பப்பாஸ் இதை ரேடியோவில் அறிந்தார். மாலுமிகளைப் பின்தளத்தில் கூட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டு, பயிற்சியிலிருந்து விலகி ரோம் பக்கம் கப்பலைத் திருப்பினார். ஜனநாயகம், தனிமனித சுதந்திரம், சட்டத்தின் ஆட்சி என்று நேட்டோ ஒப்பந்தத்தின் முன்னுரையிலேயே இருக்கிறதே, அதையே காரணமாகச் சொன்னார். ரோமுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஃபியூமிசினோவுக்கு அப்பால் நங்கூரம் போட்டதும், இளம் அதிகாரிகள் மூன்று பேர் படகில் கரையேறி விமான நிலையத்திலிருந்து செய்தி நிறுவனங்களுக்கு போன் செய்தார்கள். கேப்டனோடு சேர்த்து 31 பேர் இத்தாலியில் அடைக்கலம் கேட்டார்கள். ஊரில் குடும்பம் இருக்கிறதே என்று மற்றவர்களை அவரே திருப்பி அனுப்பினார். 1974-இல் ஆட்சி கவிழ்ந்த பிறகு பப்பாஸ் கடற்படைக்குத் திரும்பி, பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். கப்பல் 1991 வரை ஓடியது, இப்போது அருங்காட்சியகம்.

அந்தப் பின்தளக் கூட்டத்தைத்தான் வைக்கப்போகிறேன். இந்த அளவில் ஓர் ஆள் 5 மி.மீ. உயரம். பித்தளைத் தகட்டில் பொறித்த மனிதர்கள் தட்டையாக இருப்பார்கள். இரண்டு பக்கமும் பசைத் துளி வைத்துக் காயவிட்டால் கொஞ்சம் சதைப்பிடிப்பு வருகிறது. கூட்டம் நடக்கும்போது யாரும் இன்னும் கரைக்குப் போகவில்லை, ஆகவே இரண்டு படகுகளும் கப்பலிலேயே தொங்கும். மாலுமிகளுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. முதலில் பாய்மரத்திலிருந்து மெல்லிய கம்பி இழுத்துக் கட்டும் வேலையை முடித்துவிட்டுத்தான் ஆட்களை ஒட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் கை பட்டு பாதிப் பேர் கடலில் விழுவார்கள்.