தரங்கம்பாடிக் கோட்டையைத் தாங்கிப் பிடித்தவர்கள்

இத்தனை ஆண்டுகளாகத் தரங்கம்பாடிக்குப் போகாமல் இருந்துவிட்டேனே என்ற ஆதங்கமும், போய்ச் சேர்வதற்குள் பட்ட பாட்டின் எரிச்சலும் இன்னும் அடங்கவில்லை. மயிலாடுதுறையில் ஏறிய பேருந்தில் முகூர்த்த நாள் கூட்டம். அறுபதாம் கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்கள் சீர்வரிசைத் தட்டுகளோடு படிக்கட்டு வரை நிறைந்திருந்ததால், அவர்கள் திருக்கடையூரில் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வர வேண்டியிருந்தது. தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கியதும், நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு ஓர் ஆட்டோக்காரர் 150 ரூபாய் கேட்டார். கொளுத்தும் வெயிலில் வேறு வழியின்றிக் கொடுத்தேன். வெளியூர் முகம் என்று தெரிந்தவுடன் இப்படிக் கேட்டால், கையில் எண்ணி எடுத்து வருகிறவர்கள் இந்த ஊர்ப் பக்கமே வரமாட்டார்கள்.

டென்மார்க்கிலிருந்து வணிகத்துக்கு வந்த டேனியர்கள் 1792இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டி, ராஜ வீதியின் முடிவில் கடலுக்கு எதிரே டேன்ஸ்பர்க் கோட்டையைப் பார்த்த கணத்தில் அந்த எரிச்சல் எல்லாம் பறந்துவிட்டது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இது. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும் இருந்தன; மேல்தளத்தில் ஆளுநரும் வணிகர்களும் தங்கினார்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பாதிரியார் சீகன்பால்கு, ஆளுநரோடு ஏற்பட்ட மோதலால் 1708இல் சில மாதங்கள் அடைபட்டிருந்ததும் இங்கேதான். மேல்தளக் கூடத்தின் நடுவில் பருத்த ஒற்றைத் தூண் கூரையின் பாரத்தைத் தாங்கி நிற்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

1845இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்ற பிறகு துறைமுகம் படுத்துவிட்டது. கோட்டையும் பயணியர் மாளிகையாகச் சுருங்கிப்போனது. 1970களின் இறுதியில் மாநிலத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தபோதும், உப்புக்காற்று தின்ற சுவர்களை மீட்பது எளிதாக இல்லை. 2000களின் தொடக்கத்தில்தான், டென்மார்க்கிலுள்ள தரங்கம்பாடிச் சங்கம் அந்நாட்டு அரச குடும்பத்தின் ஆதரவோடு தொல்லியல் துறையுடன் கைகோத்துப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியது. என்றோ தங்கள் நாட்டார் விற்றுவிட்டுப் போன ஒரு கோட்டைக்காகத் தொலைதூர நாட்டவர் வந்து நிற்கிறார்கள் என்றால், அந்த அக்கறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் பணமும் வரைபடமும் மட்டும் சுவரை நிறுத்திவிடாது. வாசலருகே தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்த வயதான கொத்தனார் ஒருவர், உதிர்ந்த பூச்சை விரலால் சுரண்டிக் காட்டியபடி, "சிமிட்டி பூசினா உப்பு வெளிய வர வழியில்ல தம்பி, உள்ளேயே நின்னு செங்கல்லைத் தின்னுடும், சுண்ணாம்புன்னா சுவரு மூச்சு விடும்" என்றார். சுண்ணாம்பை நீரில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுப் பதம் பார்க்கும் பழைய முறையை அவர் சொல்லச் சொல்ல, என் தேநீர் ஆறிப்போனது. 2004 சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இவ்வூரின் பழைய வீடுகளைச் சீரமைத்தபோதும் இப்படிப்பட்ட கைகள்தான் தேவைப்பட்டன.

அப்படிப் பாடுபட்டுப் பூசிய சுவரில் இதயம் வரைந்து தங்கள் பெயரைக் கீறிவைக்கிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது. ஓர் அம்பு துளைத்த இதயத்தின் கீழே பூச்சு பெயர்ந்து செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த வடகிழக்குப் பருவமழையின் ஈரம் உள்ளே இறங்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பொறையாருக்குப் போய்விடுங்கள். ஆட்டோவில் இழந்த பணத்துக்கு ஈடாக வஞ்சிரத்தை விட்டுவிட்டு மீன் குழம்பும் பொரித்த நெத்திலியும் வாங்கினேன். புளியும் காரமும் அளவாகக் கூடிய அந்தக் குழம்புக்காகவே மறுபடியும் வரலாம். திரும்புகிறவர்கள் காரைக்கால் வழியாகப் போனால் கூட்டம் குறைவு.

தன் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை என்று அந்தக் கொத்தனார் சொன்னதுதான் வழியெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் உள்ளூர் இளைஞர்கள் நாலு பேருக்காவது கூலி கொடுத்து, இவரைப் போன்றவர்களிடம் சுண்ணாம்பு வேலை பழக்கினால், கடலோரச் சுவரில் பூச்சு உதிரும்போதெல்லாம் வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டியிராது. அதற்காக நுழைவுக் கட்டணத்தைக் கூட்டினாலும் நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.